நெல்லின் இலை வடிவமும் மரபணுக்களும்: என்.ஏ.எல்.1 மரபணுவை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

நெற்பயிரின் இலை அகலம், நீளம், தடிப்பு, சுருள்வு, சாய்கோணம் ஆகிய பண்புகள் ஒளிச்சேர்க்கையையும் விளைச்சலையும் நேரடியாகப் பாதிக்கின்றன. இப்பண்புகளைக் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பல கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் நான்காம் குரோமோசோமில் அமைந்துள்ள என்.ஏ.எல்.1 என்னும் மரபணு தனிக்கவனத்திற்குரியது. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த இரு ஆய்வுகள், இம்மரபணுவின் எதிரெதிரான இரு அல்லீல்களைப் பயனுடையவை என்று காட்டின. ஓர் ஆய்வு அகன்ற இலை தரும் அல்லீலையும் மற்றொன்று குறுகித் தடித்த இலை தரும் அல்லீலையும் பரிந்துரைத்தன. முரண்போலத் தோன்றும் இம்முடிவுகளை எவ்வாறு புரிந்துகொள்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இலை வடிவம் தனித்துத் தெரிவு செய்யத்தக்க பண்பன்று. பயிரின் மொத்த அமைப்போடும் மரபுப் பின்னணியோடும் சேர்த்தே அது மதிப்பிடப்பட வேண்டும் என்பது இக்கட்டுரை வந்தடையும் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: நெல், இலை வடிவம், அல்லீல், கண்ணாடி இலை, பல்பண்புத் தன்மை, பிற்கலப்பு, பயிர்ப்பெருக்கம்.

முன்னுரை

நெல்மணியில் சேரும் மாவுச்சத்தின் பெரும்பகுதி, கதிர் வெளிவந்த பின்னர் மேலுள்ள இலைகள் நடத்தும் ஒளிச்சேர்க்கையால் கிடைக்கிறது. கதிருக்கு நேர் கீழே நிற்கும் கடைசி இலையை உழவர்கள் கண்ணாடி இலை என்பர். அந்த இலையும் அதற்குக் கீழுள்ள இரண்டு இலைகளும் பால் பிடிக்கும் பருவத்தில் பசுமை குன்றாமல் இருந்தால் பதர் குறையும் என்பதை வயல் அனுபவம் உடையோர் அனைவரும் அறிவர். ஆகவே நெல் இனப்பெருக்க ஆய்வாளர்கள் இலையின் நிறத்தை மட்டுமன்றி வடிவத்தையும் நெடுங்காலமாகக் கவனித்து வந்துள்ளனர்.

எனினும், 'நல்ல இலை' எது என்னும் வினாவிற்கு ஒரே விடை இல்லை. அகன்ற இலை மிகுதியான ஒளியைப் பெறும். ஆனால் கீழுள்ள இலைகளுக்கு நிழலிடும். குறுகிய இலை ஒளியைக் கீழே விடும். ஆனால் அதன் பரப்பு குறைவு. தடித்த இலை ஓர் அலகுப் பரப்பில் அதிக ஒளிச்சேர்க்கை செய்யும். ஆனால் அதே அளவு சத்தைக் கொண்டு அகன்று விரிய அதனால் இயலாது. இவ்விழுபறியின் மூலக்கூறு அடிப்படையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மரபியல் பயிலாத வாசகர்க்கும் விளங்கும்பொருட்டு அடிப்படைக் கருத்துகள் முதலில் தரப்படுகின்றன.

நெல் இலையின் அமைப்பு

நெல் இலை இரு பகுதிகளைக் கொண்டது. தண்டைச் சுற்றித் தழுவி நிற்பது இலையுறை. விரிந்து நீண்டு ஒளியைப் பெறுவது இலைத்தாள். இவை இரண்டும் சேரும் இடத்தை இம்மூட்டின் பெயரால் இலைமூட்டு எனலாம். அங்கே நாக்குப் போன்ற மெல்லிய சவ்வும் காது போன்ற இரு சிறு மடல்களும் காணப்படும். குதிரைவாலிக் குடும்பக் களைகளுக்கு இச்சவ்வும் மடலும் இல்லாமையால், நாற்றங்காலில் களையை இனங்காண இவ்வடையாளம் பயன்படுகிறது.

இலைத்தாளின் நடுவே நடுநரம்பும் அதற்கு இணையாகப் பெரிய, சிறிய வாஸ்குலார் கற்றைகளும் நீளவாக்கில் ஓடுகின்றன. இக்கற்றைகளின் எண்ணிக்கையே இலை அகலத்தின் முதன்மைக் காரணி. இலையின் தொடக்க வளர்ச்சி, தண்டு நுனியிலுள்ள ஆக்குத்திசுவில் நிகழ்கிறது. அத்திசுவின் பக்கவாட்டில் எத்தனை செல்கள் இலைக்கெனப் பிரித்தெடுக்கப்படுகின்றனவோ, அதற்கேற்ப இலையின் அகலமும் நரம்புகளின் எண்ணிக்கையும் அமைகின்றன. பின்னர் நிகழும் செல் பகுப்பும் செல் விரிவும் அவ்வடிப்படையைப் பெருக்குகின்றன.

இலையின் மேற்புறத்தில், நரம்புகளுக்கு இடையே, விசிறிபோல் அடுக்கப்பட்ட பெரிய நீர்நிறை செல்கள் உள்ளன. இவை புல்லிஃபார்ம் செல்கள் எனப்படும். நீர் குறையும்போது இவை சுருங்க, இலை உட்புறமாகச் சுருளும். நண்பகல் வெயிலில் நீரற்ற வயலில் இலைகள் குழல்போல் சுருண்டு, மாலையில் மீண்டும் விரிவது இதனாலேயே. இலைச்சுருட்டுப் புழு நூலால் பிணைத்து உண்டாக்கும் சுருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இலைப்பரப்பை வயலில் அளவிட, நீளத்தை அதிகபட்ச அகலத்தால் பெருக்கி, நெல்லுக்குரிய மாறிலியாகிய 0.75ஆல் மீண்டும் பெருக்குவது வழக்கம். எடுத்துக்காட்டாக, 30 செ.மீ. நீளமும் 1.4 செ.மீ. அகலமும் உடைய இலையின் பரப்பு 31.5 சதுர செ.மீ. அகலம் 1.2 செ.மீ. ஆகக் குறைந்தால் பரப்பு 27 சதுர செ.மீ. ஆகிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத 2 மி.மீ. வேறுபாடு, பரப்பில் ஏறத்தாழ 14 விழுக்காட்டைக் குறைத்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் பின்னர் மீண்டும் பயன்படுத்துவோம்.

பயிரமைப்பு பற்றிய சிந்தனை வளர்ந்த விதம்

1953இல் ஜப்பானிய அறிஞர்களான மோன்சியும் சேக்கியும், பயிர்க்கூட்டத்தின் மேலிருந்து கீழ் நோக்கிச் செல்லும்போது ஒளி எவ்வாறு படிப்படியாகக் குறைகிறது என்பதைக் கணிதச் சமன்பாட்டால் விளக்கினர். இலைகள் கிடையாக விரிந்திருந்தால் மேலடுக்கே பெரும்பகுதி ஒளியை விழுங்கிவிடும். நிமிர்ந்து நின்றால் ஒளி கீழடுக்குகளுக்கும் பகிரப்படும். 1968இல் ஆஸ்திரேலிய அறிஞர் டொனால்டு, விளைச்சலை மட்டும் பார்த்துத் தெரிவு செய்வதற்கு மாற்றாக, பயிர் எவ்வடிவில் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறுத்து அதை நோக்கி இனப்பெருக்கம் செய்யலாம் என்னும் இலட்சியப் பயிர்க் கருத்தை முன்வைத்தார்.

1966இல் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐ.ஆர்.8 இக்கருத்திற்கு நடைமுறைச் சான்றாக அமைந்தது. பீட்டா என்னும் நெட்டை இரகத்தையும் டீ-ஜியோ-வூ-ஜென் என்னும் தைவான் குட்டை இரகத்தையும் ஒட்டி உருவாக்கப்பட்ட இது, குட்டைத் தண்டோடு நிமிர்ந்த இலைகளையும் பெற்றிருந்தது. குட்டைத் தன்மைக்குக் காரணமான எஸ்.டி.1 மரபணு முதலாம் குரோமோசோமில் இருப்பதும், அது ஜிப்பெரலின் ஆக்கத்தில் ஈடுபடும் நொதியைக் குறிப்பதும் 2002இல்தான் உறுதியாயின. பயன்பாடு முன்னும் விளக்கம் பின்னுமாக வந்த இந்த வரிசை, இலை மரபணுக்களின் வரலாற்றிலும் மீண்டும் நிகழ்வதைக் காண்போம்.

1989இல் தொடங்கிய புதுவகைப் பயிர்த் திட்டத்தில் தடித்த, கரும்பச்சையான, நிமிர்ந்த இலைகள் இலக்குகளுள் ஒன்றாக வைக்கப்பட்டன. சீனாவில் 1996இல் தொடங்கிய உயர்விளைச்சல் நெல் திட்டத்தில் யுவான் லாங்பிங் மேல் மூன்று இலைகளுக்கு வடிவ இலக்கணமே வகுத்தார். அவை நீண்டு, நிமிர்ந்து, குறுகி, நடுவே மடிந்த பள்ள வடிவிலும் தடித்தும் இருத்தல் வேண்டும் என்றார். பள்ள வடிவ மடிப்பு, நீண்ட இலை தன் எடையால் வளைந்து தொங்காமல் காக்கும் என்பது அவர் கருத்து.

இலை வடிவ மரபணுக்கள்: ஒரு தொகுப்பு

இலை வடிவத்தை ஆளும் மரபணுக்களை அவை பாதிக்கும் பண்பின் அடிப்படையில் நான்கு வகைகளாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, அகலம். 2008இல் விளக்கப்பட்ட என்.ஏ.எல்.7, ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியை உருவாக்கும் பாதையில் செயல்படும் யுக்கா வகை நொதியைக் குறிக்கிறது. இது பழுதுபட்டால் இலை குறுகுகிறது. என்.ஏ.எல்.2, என்.ஏ.எல்.3 ஆகியவை 11, 12ஆம் குரோமோசோம்களில் இரட்டையாக அமைந்த மரபணுக்கள். இரண்டும் ஒரே வகைக் கட்டுப்பாட்டுப் புரதத்தைத் தருவதால் ஒன்று கெட்டாலும் மற்றொன்று ஈடுசெய்யும். இரண்டும் கெட்டால்தான் இலை குறுகிச் சுருள்கிறது. இவ்வகையில் முதன்மையானது என்.ஏ.எல்.1, அது பின்னர் விரிவாக ஆராயப்படும்.

இரண்டாவது, சுருள்வு. 2009இல் விளக்கப்பட்ட எஸ்.எல்.எல்.1 மரபணு, இலையின் அடிப்புறத்தில் வலுவூட்டும் ஸ்கிளிரங்கைமா திசு உருவாகத் துணைபுரிகிறது. இது செயலிழந்தால் அடிப்புறம் வலுவிழந்து இலை உட்புறமாக வெங்காயத்தாள்போல் சுருண்டுவிடும். ரோக்5 என்னும் மரபணு புல்லிஃபார்ம் செல்களைக் கட்டுப்படுத்துகிறது. அது செயலிழந்தால் இச்செல்கள் பெருகி இலை வெளிப்புறமாக வளையும். மிகையாகச் செயல்பட்டால் உட்புறமாகச் சுருளும். அளவான சுருள்வு இலையை நிமிர்த்தி நிறுத்தும். மிகையான சுருள்வு ஒளிபெறும் பரப்பையே குறைத்துவிடும்.

மூன்றாவது, நடுநரம்பின் வலிமை. டி.எல். எனப்படும் மரபணு இல்லாத நெல்லில் நடுநரம்பு உருவாவதில்லை, இலைகள் தொங்கிவிடுகின்றன. அதே மரபணு பூவிலும் செயல்படுகிறது. அது கடுமையாகப் பழுதுபட்டால் சூலக இலைகள் மகரந்தத்தாள்களாக மாறிவிடுகின்றன. 2004இல் வெளிவந்த இவ்விளக்கம், இலைக்கென்று ஒரு தனி மரபணு, பூவுக்கென்று ஒரு தனி மரபணு என்னும் எளிய எண்ணத்தை உடைக்கிறது.

நான்காவது, சாய்கோணம். இலைமூட்டின் மேற்புறச் செல்கள் எந்த அளவு விரிகின்றனவோ அந்த அளவு இலை வெளிப்புறமாகச் சாயும். பிராசினோஸ்டீராய்டு என்னும் ஊக்கி இவ்விரிவைத் தூண்டுகிறது. இவ்வூக்கி ஓரளவு குறைந்த நெல் வகையொன்று நிமிர்ந்த இலைகளைப் பெற்று, நெருக்கமாக நட்டபோது கூடுதல் உரமின்றியே அதிக விளைச்சல் தந்ததை 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். ஓஎஸ்-எல்.ஜி.1 என்னும் மரபணு இன்றி இலைமூட்டே உருவாவதில்லை. இதே மரபணுவின் ஒழுங்குபடுத்தலில் நேர்ந்த ஒரு மாற்றமே, காட்டு நெல்லின் விரிந்த கதிரை இன்றைய நெல்லின் மூடிய கதிராக மாற்றியது என்று 2013இல் கண்டறியப்பட்டது. மூடிய கதிரில் மணி உதிர்வது குறைவு. ஆகவே நெல்லை முதன்முதலில் பயிரிட்ட மக்கள், அறியாமலே ஓர் இலை மரபணுவையும் தெரிவு செய்தனர் எனலாம்.

இவ்வாறு ஒரே மரபணு பல பண்புகளைப் பாதிப்பதை மரபியலில் பல்பண்புத் தன்மை என்பர். என்.ஏ.எல்.1 இத்தன்மைக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டாகும்.

என்.ஏ.எல்.1: ஒரு மரபணுவிற்குப் பல பெயர்கள்

'குறுகிய இலை' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே என்.ஏ.எல். என்பது. இப்பெயருக்குரிய சடுதிமாற்ற நெல் குட்டையாகவும் மிகக் குறுகிய இலைகளோடும் வளரும். 2008இல் சீன ஆய்வாளர்கள் இம்மரபணுவை இனங்கண்டு, சடுதிமாற்ற நெல்லில் 30 கார இணைகள் நீங்கியிருப்பதைக் காட்டினர். பழுதுபட்ட செடியில் நீள நரம்புகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. தண்டிலும் வாஸ்குலார் கற்றைகளின் எண்ணிக்கையும் அடுக்கும் மாறியிருந்தன. ஆக்சின் ஒரு திசையில் கடத்தப்படும் திறனும் குறைந்திருந்தது. அக்காலத்தில் இம்மரபணு தரும் புரதத்தின் வேதிச் செயல் என்னவென்று அறியப்படவில்லை.

ஐந்தாண்டுகளுக்குப் பின், 2013இல், இரு வேறு குழுக்கள் இரு வேறு பண்புகளைத் தேடிச் சென்று இதே மரபணுவை வந்தடைந்தன.

முதற்குழு தேடியது கதிரில் மணிகளின் எண்ணிக்கையை. தாரிங்கன் என்னும் இந்தோனேசிய மரபு நெல், வெப்பமண்டல ஜப்பானிக்கா வகையைச் சார்ந்தது. அதன் ஒரு குரோமோசோம் பகுதியைப் பரவலாகப் பயிரிடப்படும் இண்டிகா இரகமான ஐ.ஆர்.64இல் சேர்த்தபோது கதிரில் பூக்கள் மிகுந்தன. இலை பெரிதாயிற்று, வேர்த்தொகுதி வளர்ந்தது, வாஸ்குலார் கற்றைகளும் கூடின. விளைச்சல் 13 முதல் 36 விழுக்காடு வரை உயர்ந்தது. ஸ்பைக் என்று அவர்கள் பெயரிட்ட அம்மரபணு, என்.ஏ.எல்.1 என்று தெரியவந்தது.

இரண்டாம் குழு தேடியது ஒளிச்சேர்க்கை வேகத்தை. தகநாரி என்னும் உயர்விளைச்சல் இண்டிகா இரகத்தின் இலை, கோஷிஹிகாரி என்னும் ஜப்பானிய இரகத்தின் இலையைவிட அலகுப் பரப்பில் வேகமாக ஒளிச்சேர்க்கை செய்தது. இதற்குக் காரணமான இடத்திற்கு ஜி.பி.எஸ். என்று பெயரிட்டனர். அதுவும் என்.ஏ.எல்.1 ஆகவே இருந்தது. ஆனால் இங்குப் பயனுடையதாகக் காணப்பட்டது, செயல் ஓரளவு குறைந்த அல்லீல். அது நரம்புகளுக்கு இடையிலுள்ள இலையிடைத் திசுச் செல்களின் எண்ணிக்கையைக் கூட்டி இலையைத் தடிக்கச் செய்தது. முழுப் பழுதில் காணப்படும் குட்டைத் தன்மை போன்ற தீங்குகள் இதில் இல்லை. மேலும், இரகங்களின் வம்சாவளியை ஆராய்ந்தபோது, உயர்விளைச்சல் இனப்பெருக்கத் திட்டங்கள் இவ்வல்லீலை மீண்டும் மீண்டும் தெரிவு செய்திருப்பது புலனாயிற்று. மரபணுவின் பெயரே அறியப்படாத காலத்தில், வயலில் நின்று செடியைப் பார்த்துத் தெரிவு செய்தவர்களின் கண் அதைப் பற்றியிருக்கிறது.

முரணை எவ்வாறு புரிந்துகொள்வது?

இங்கேதான் வினா எழுகிறது. இண்டிகாவில் ஜப்பானிக்கா அல்லீலைச் சேர்த்தால் விளைச்சல் உயர்கிறது என்கிறது ஓர் ஆய்வு. ஜப்பானிக்காவில் இண்டிகா அல்லீலைச் சேர்த்தால் ஒளிச்சேர்க்கை உயர்கிறது என்கிறது மற்றோர் ஆய்வு. இரண்டும் எவ்வாறு உண்மையாக இருக்க முடியும்?

முதலாவதாக, இரு ஆய்வுகளும் அளவிட்டவை வேறு வேறு. ஒன்று வயலில் மொத்த விளைச்சலையும் மற்றொன்று அலகு இலைப்பரப்பின் ஒளிச்சேர்க்கை வேகத்தையும் முதன்மையாகக் கொண்டன. முன்னர்க் கண்ட கணக்கையே விளக்கத்திற்காக நீட்டிப் பார்க்கலாம். அகலம் குறைந்ததால் பரப்பு 14 விழுக்காடு குறைகிறது. தடிப்பால் அலகுப் பரப்பின் வேகம் 10 விழுக்காடு கூடுகிறது என்று கொள்வோம். அப்போது முழு இலையின் ஒளிச்சேர்க்கை 0.86 பெருக்கல் 1.10, அதாவது ஏறத்தாழ 0.95 பங்காகும். வேகம் கூடியும் மொத்தம் குறைந்துள்ளது. ஆயினும் அந்தக் குறுகிய இலை கீழுள்ள இலைகளுக்கு விட்டுக்கொடுத்த ஒளியை இக்கணக்கு சேர்க்கவில்லை. நெருக்கமாக நட்டு, தழைச்சத்து மிகுதியாக இட்ட வயலில் அந்த ஒளியின் மதிப்பு பெரிது. இடைவெளி மிகுந்து, உரம் குறைந்த வயலில் அதன் மதிப்பு சிறிது. ஆகவே அலகுப் பரப்பு, தனி இலை, முழுப் பயிர்க்கூட்டம் என்னும் மூன்று நிலைகளில் ஒரே அல்லீல் மூன்று வேறு மதிப்புகளைப் பெறலாம்.

இரண்டாவதாக, சத்தை ஆக்குமிடமும் அது சேருமிடமும் சமநிலையில் இருக்க வேண்டும். இலை ஆக்குமிடம், கதிரிலுள்ள மணிகள் சேருமிடம், இடையே கொண்டுசெல்வன வாஸ்குலார் கற்றைகள். மணிகளின் எண்ணிக்கை குறைவாக உள்ள பயிரில் இலையை மட்டும் மேம்படுத்தினால் ஆக்கிய சத்து சேர இடமிராது. மணிகள் மிகுந்து இலை போதாதபோது பதர் மிகும். தாரிங்கன் அல்லீல் ஐ.ஆர்.64இல் வெற்றி பெற்றதற்குக் காரணம், அது மூன்றையும் ஒருசேரக் கூட்டியதே. இலை அகன்றது அவ்வெற்றியின் ஒரு பகுதி மட்டுமே. அகன்ற இலையைப் பார்த்து, 'அகலமே விளைச்சல் தந்தது' என்று முடிவு செய்வது பிழையாகும்.

மூன்றாவதாக, மரபுப் பின்னணி. எந்த மரபணுவும் தனித்து இயங்குவதில்லை. கிளைப்புத் தன்மை, தண்டு உயரம், பயிர்க்காலம் ஆகியவற்றை ஆளும் ஏனைய மரபணுக்களின் நடுவேதான் என்.ஏ.எல்.1 செயல்படுகிறது. கோஷிஹிகாரியின் பின்னணியில் பெற்ற அளவீட்டை ஐ.ஆர்.64இன் பின்னணிக்கு அப்படியே மாற்றிக் கூற இயலாது.

இப்பல்பண்புத் தன்மையின் வேதி அடிப்படை 2023இல் தெளிவாயிற்று. என்.ஏ.எல்.1 தருவது செரின் வகைப் புரதச் சிதைப்பு நொதி. ஆறு அலகுகள் கூடிய வளைய அமைப்பு உடையது. அது ஓஎஸ்-டி.பி.ஆர்.2 என்னும் புரதத்தைச் சிதைக்கிறது. அப்புரதம் பல மரபணுக்களின் வெளிப்பாட்டை அடக்கி வைப்பது. அடக்கும் புரதம் சிதைந்தால், ஊக்கிகளின் பாதைகளைச் சார்ந்த மரபணுக்கள் விடுபட்டுச் செயல்படும். ஒரு நொதியின் வலிமை கூடினாலும் குறைந்தாலும் இலை, வேர், தண்டு, கதிர் எல்லாம் ஏன் சேர்ந்து மாறுகின்றன என்பதற்கு இது விடை தருகிறது. அது வாயிற்காவலனைப் பதவி நீக்கும் நொதி. வாயில் திறந்தால் உள்ளே செல்வது இலை மட்டுமன்று.

இனப்பெருக்கத்தில் பயன்படுத்தும் முறை

ஒரு மரபணுவை மட்டும் ஓர் இரகத்திலிருந்து மற்றோர் இரகத்திற்கு மாற்றப் பிற்கலப்பு முறை கையாளப்படுகிறது. இரு இரகங்களையும் ஒட்டிப் பெற்ற முதல் தலைமுறையில் இரு பெற்றோரின் பங்கும் பாதி பாதி. அதனை விரும்பும் இரகத்துடன் மீண்டும் ஒட்டினால் அவ்விரகத்தின் பங்கு சராசரியாக 75 விழுக்காடு ஆகும். இரண்டாம் பிற்கலப்பில் 87.5, மூன்றாவதில் 93.75, நான்காவதில் ஏறத்தாழ 96.9 விழுக்காடு என அது உயரும். ஒவ்வொரு தலைமுறையிலும் மூலக்கூறு குறிப்பான்களைக் கொண்டு, வேண்டிய அல்லீலைத் தாங்கிய செடியை நாற்றுப் பருவத்திலேயே இனங்காணலாம். இறுதியில் கிடைப்பது, ஒரு சிறு பகுதி தவிர மற்றெல்லாவற்றிலும் மூல இரகத்தை ஒத்த ஒத்தமரபு வழியாகும். ஸ்பைக், ஜி.பி.எஸ். ஆகியவற்றின் விளைவுகளை ஐயமின்றி மதிப்பிட முடிந்தது இத்தகைய வழிகளை உருவாக்கியதனாலேயே.

தமிழ்நாட்டின் நெல் ஆய்வு வரலாற்றை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். இண்டிகா, ஜப்பானிக்கா ஆகிய இரு வகைகளின் நற்பண்புகளையும் இணைக்கும் பெருமுயற்சி 1950களில் கட்டாக்கை மையமாகக் கொண்டு நடைபெற்றது. அம்முயற்சியின் பயனாக, கோவையில் உருவான ஜி.இ.பி.24 இரகத்தையும் ஜப்பானின் நோரின் 10 இரகத்தையும் ஒட்டி ஏ.டி.டி.27 உருவானது. 1965இல் ஆடுதுறையிலிருந்து வெளியிடப்பட்ட அது தஞ்சைப் பகுதியின் குறுவைப் பருவத்தில் பரவியது. ஆனால் அக்காலத்து ஒட்டுகளில் இரு இரகங்களின் மரபணுத் தொகுதிகள் முழுமையாகக் கலந்தன. மலட்டுத்தன்மை உள்ளிட்ட வேண்டாத பண்புகளும் உடன் வந்தன. அத்தகைய பெருமுயற்சியில் வெற்றி பெற்ற இரகங்கள் மிகச்சிலவே. தாரிங்கன் அல்லீலை ஐ.ஆர்.64இல் சேர்த்த செயலும் அடிப்படையில் இண்டிகா-ஜப்பானிக்கா இணைப்பே. வேறுபாடு என்னவெனில், இப்போது வேண்டிய பகுதியை மட்டும் பிரித்தெடுக்க இயலும்.

மரபணுத் திருத்த முறை இன்னொரு வழியைத் திறந்துள்ளது. இந்தியாவில் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரு மரபணுத் திருத்த நெல் இரகங்களுள் ஒன்றான பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1, எம்.டி.யூ.1010 இரகத்தில் டி.எஸ்.டி. மரபணுவைத் திருத்திப் பெறப்பட்டது. வறட்சியையும் உவர்த்தன்மையையும் தாங்குவதே இதன் நோக்கம். ஆனால் 2020இல் வெளிவந்த ஆய்வில், இம்மரபணு திருத்தப்பட்ட எம்.டி.யூ.1010 செடிகளில் இலைத்துளைகளின் அடர்த்தி குறைந்ததோடு இலையும் அகன்றிருந்தது. டி.எஸ்.டி. புரதம் சி.கே.எக்ஸ்.2 மரபணுவைக் கட்டுப்படுத்துவதன்வழி மணி எண்ணிக்கையையும் பாதிக்கிறது என்பது 2013இலேயே தெரிந்திருந்தது. மற்றோர் இரகமான டி.ஆர்.ஆர். தான் 100 எனப்படும் கமலா, சம்பா மசூரியில் அந்தச் சி.கே.எக்ஸ்.2 மரபணுவையே திருத்திப் பெறப்பட்டது. நீர் இழப்பைக் குறைக்க ஒரு மரபணுவைத் தொட்டால் இலை அகலமும் மணி எண்ணிக்கையும் அசைகின்றன. பல்பண்புத் தன்மை ஆய்வகத்துச் செய்தி மட்டுமன்று. அது உழவர் வயலுக்கு வரும் விதையிலேயே உள்ளது.

கருதத்தக்கவை

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து இனப்பெருக்க ஆய்வில் கைக்கொள்ளத்தக்க சில நெறிகளை வகுக்கலாம். இலை அகலத்தை அளவிடும்போது தடிப்பையும் நரம்பு எண்ணிக்கையையும் உடன் அளவிட வேண்டும். அகலம் மட்டும் ஒரு மரபணுவின் வலிமையைக் காட்டாது. ஒளிச்சேர்க்கை வேகத்தை அலகுப் பரப்பிற்கு மட்டுமன்றி முழுச் செடிக்கும் பயிர்க்கூட்டத்திற்கும் கணக்கிட வேண்டும். ஓர் அல்லீலின் பயனை அது பயன்படப்போகும் இரகத்தின் பின்னணியிலும், அது பயிரிடப்படும் நடவு இடைவெளியிலும் உர அளவிலும் சோதிக்க வேண்டும். குறைந்த உரத்தில் பயிராகும் மரபு நெல்லுக்கும் உயர் உரத்தில் பயிராகும் குட்டை இரகத்திற்கும் ஒரே இலை வடிவத்தை இலக்காக வைப்பது பொருந்தாது.

இன்னொன்றும் கூற வேண்டும். ஐ.ஆர்.64இன் விளைச்சலை உயர்த்திய அல்லீல், அதனினும் விளைச்சல் மிகுந்த இரகத்திலிருந்து பெறப்பட்டதன்று; தாரிங்கன் என்னும் மரபு நெல்லிலிருந்து பெறப்பட்டது. அவ்விதை பாதுகாக்கப்பட்டிராவிடில் அந்த அல்லீலின் பயனும் அறியப்பட்டிராது. மரபு நெல் இரகங்களை விளைச்சல் குறைவு என்று ஒதுக்குவதற்கு முன், அவை தாங்கியுள்ள தனித்தனி அல்லீல்களின் மதிப்பு வேறொரு பின்னணியில் மிகப் பெரிதாக இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

நெல் இலையின் வடிவம் பல மரபணுக்களாலும் ஆக்சின், பிராசினோஸ்டீராய்டு முதலிய ஊக்கிகளாலும் ஒருங்கே தீர்மானிக்கப்படுகிறது. அவற்றுள் என்.ஏ.எல்.1, முழுமையாகப் பழுதுபடும்போது குட்டைத் தன்மையையும், ஓரளவு குறையும்போது தடித்த குறுகிய இலையையும், வலிமையாகச் செயல்படும்போது அகன்ற இலையையும் மிகுந்த மணிகளையும் தருகிறது. இவற்றுள் முதலாவது நிலையைத் தவிர மற்ற இரண்டும் தத்தம் சூழலில் பயனுடையன. எனவே 2013இன் இரு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. ஒரே மரபணுவின் செயல்வலிமை என்னும் அளவுகோலின் இரு வேறு புள்ளிகளைக் காட்டுவன. எந்தப் புள்ளி ஏற்றது என்பதை இரகமும் நிலமும் நடவு முறையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. 'எந்த இலை சிறந்தது' என்று பொதுவாக வினவாமல், 'எந்த வயலுக்கு, எந்த இரகத்தில் எந்த அல்லீல்' என்று வினவுவதே நெல் இனப்பெருக்க ஆய்வை முன்னெடுத்துச் செல்லும்.